சிறுகக் கட்டிப் பெருக வாழ்

‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்பது தமிழரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. வீட்டை அளவாகக் கட்டிக்கொண்டு வாழ்வை நிறைவாக வாழ வேண்டும் என்பது இதன் பொருளாகும். இப்பழமொழியைப் பள்ளியில் மனனம் செய்தவர் பலர். ஆயினும், வீடு வாங்கும் வேளையில் இதனை நினைவில் கொள்பவர் சிலரே. “எத்தனை அறை? எத்தனை சதுர அடி?” என்பவையே முதலில் எழும் வினாக்கள். பெரிய வீடு வெற்றியின் அடையாளமாகவும் சிறிய வீடு இயலாமையின் அடையாளமாகவும் கருதப்படுகின்றன. உறவினர் வீட்டுக்குச் சென்று திரும்பும் பிள்ளைகள், “நம் வீடு ஏன் இவ்வளவு சிறியது?” என்று பெற்றோரிடம் கேட்பதும் உண்டு.

இந்தக் கேள்விக்கு விடைகாண ஏற்ற ஊர் பினாங்கின் ஜார்ஜ்டவுன். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல இன மக்கள் குறைந்த இடத்தில் வாழக் கற்றுக்கொண்ட நகரம் அது. சிறிய வீட்டின் நன்மைகளையும் அதன் எல்லைகளையும் அந்நகரின் தெருக்களிலேயே காணலாம்.

தீவும் நிலமும்

பினாங்குத் தீவின் பரப்பளவு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர். அங்கே ஏறத்தாழ 8 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். தீவின் நடுப்பகுதியை மலைகள் நிறைத்துள்ளன. தமிழர்கள் கொடிமலை என்று அழைக்கும் பினாங்கு மலை மட்டும் 833 மீட்டர் உயரமுடையது. மலைக்கும் கடலுக்கும் இடையே எஞ்சியிருக்கும் சமநிலமே மக்கள் குடியிருக்க ஏற்றது. எனவே, இங்கு நிலம் அருமையான பொருளாக விளங்குகிறது.

பிரான்சிஸ் லைட் 1786-ஆம் ஆண்டில் தீவின் வடகிழக்கு முனையில் வந்திறங்கியபின் ஜார்ஜ்டவுன் உருவானது. தென்னிந்தியா, சீனா, சுமத்திரா முதலிய இடங்களிலிருந்து வணிகர்களும் தொழிலாளர்களும் வந்து குவிந்தனர். அனைவரும் துறைமுகத்திற்கு அருகிலேயே வாழ விரும்பினர். குறைந்த நிலத்தைப் பலரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய தேவை எழுந்தது. அத்தேவையின் விடையாக அமைந்ததே கடைவீடு.

கடைவீடு கற்பிக்கும் பாடம்

கடைவீட்டின் முகப்பு குறுகலானது. பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு மீட்டர் அகலமே இருக்கும். ஆனால், வீடு பின்னோக்கி நீண்டு செல்லும். முகப்பு குறுகியிருப்பதால் ஒரே தெருவில் பல குடும்பங்கள் கடை வைக்க முடிந்தது. கீழ்த்தளத்தில் வணிகம் நடந்தது. மேல்தளத்தில் குடும்பம் வாழ்ந்தது. வேலைக்குச் செல்லப் பேருந்தோ மகிழுந்தோ தேவைப்படவில்லை. மாடிப்படியில் இறங்கினாலே கடை வந்துவிடும்.

குறுகிய வீட்டில் காற்றும் வெளிச்சமும் எவ்வாறு கிடைத்தன? வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம் ஒன்று அமைக்கப்பட்டது. சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழுந்து வெளியேறும். அதற்கு ஈடாகத் தெருப்பக்கத்திலிருந்து காற்று உள்ளே வரும். மேலும், அடுத்தடுத்த வீடுகள் பக்கச் சுவர்களைப் பகிர்ந்துகொண்டன. அதனால், முன்புறமும் பின்புறமும் கூரையும் மட்டுமே வெயிலில் காய்ந்தன. பக்கச் சுவர்களில் வெயில் படாததால் வீட்டின் உட்பகுதி குளிர்ச்சியாக இருந்தது. மின்விசிறி இல்லாத காலத்தில் இது பெரும் வசதியாகும்.

வீட்டின் முன்னே, மேல்மாடியின் நிழலில், மூடிய நடைபாதை ஒன்று செல்லும். இதனை மலாய் மொழியில் ‘காக்கி லீமா’ என்பர். தமிழர் ‘ஐந்தடி’ என்பர். சிங்கப்பூரில் 1822-ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இத்தகைய நடைபாதை கட்டாயமாக்கப்பட்டது. பின்னர் இவ்வழக்கம் நீரிணைக் குடியேற்ற நகரங்களில் பரவியது. வெயிலிலும் மழையிலும் நனையாமல் நடக்க இது உதவியது. அதற்கும் மேலாக, ஐந்தடி அக்கம்பக்கத்தாரின் பொதுக்கூடமாகவும் விளங்கியது. முதியோர் நாற்காலி போட்டு அமர்ந்தனர், சிறுவர்கள் விளையாடினர், பூக்கட்டுவோரும் செருப்புத் தைப்போரும் தொழில் செய்தனர். வீட்டுக்குள் கூடம் சிறிதாக இருந்தது. தெருவே பெரிய கூடமாக மாறியது.

தமிழர்கள் கடைத்தெரு என்று வழங்கிய மார்க்கெட் வீதியிலும் அதனைச் சுற்றியுள்ள வீதிகளிலும் இவ்வாழ்க்கை செழித்தது. 1833-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட குயின் வீதி ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், கடைகள், துறைமுகம் ஆகிய அனைத்தும் நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தன. வீடு சிறிதாக இருந்தாலும், வீட்டைச் சுற்றியுள்ள உலகம் பெரிதாக இருந்தது.

கிட்டங்கியும் மாளிகையும்

சிறிய இடத்தில் வாழ்ந்தவர்களுள் நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கதை குறிப்பிடத்தக்கது. செட்டிநாட்டிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர், பர்மா முதலிய இடங்களுக்கு வந்த இவர்கள் வட்டித் தொழில் செய்தனர். இவர்கள் தங்கித் தொழில் செய்த இடம் கிட்டங்கி எனப்பட்டது. அது நீண்ட கூடம் ஒன்றைக் கொண்ட கடைவீடு. பல நிறுவனத்தார் அக்கூடத்தைப் பகிர்ந்துகொண்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்குப் பெட்டியும் பாயும் விரிக்கும் அளவுக்கு இடமும் இருந்தன. பகலில் அலுவலகமாக இருந்த அதே இடம் இரவில் படுக்கையறையானது. உணவும் பொதுவாகச் சமைக்கப்பட்டது.

செலவு குறைந்ததால் சேமிப்பு பெருகியது. அச்சேமிப்பிலிருந்து அறப்பணிகள் பல நடந்தன. தண்ணீர்மலைச் சாலையில் 1857-ஆம் ஆண்டில் நகரத்தார் கோயில் எழுந்தது. தைப்பூசத்திற்கு முதல் நாள் பினாங்கு வீதியிலுள்ள கோவில் வீட்டிலிருந்து புறப்படும் வெள்ளி இரதம் இன்றும் அக்கோயிலை நோக்கியே செல்கிறது.

ஆனால், இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. கடல் கடந்த நாட்டில் ஒரு பாய் அளவு இடத்தில் வாழ்ந்தவர்கள், தாயகத்தில் மாபெரும் மாளிகைகளைக் கட்டினர். பர்மாத் தேக்குத் தூண்களும் இத்தாலியச் சலவைக்கற்களும் ஆத்தங்குடிக் கற்களும் அம்மாளிகைகளை அழகுபடுத்தின. சில வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் அளவுக்கு நீண்டன. பின்னர்க் காலம் மாறியது. இரண்டாம் உலகப் போரும் அதன்பின் நிகழ்ந்த அரசியல் மாற்றங்களும் கடல் கடந்த வணிகத்தைச் சுருக்கின. பிள்ளைகள் வேலை தேடி நகரங்களுக்குச் சென்றனர். இன்று செட்டிநாட்டு மாளிகைகள் பல பூட்டியே கிடக்கின்றன. திருமணம் போன்ற குடும்ப நிகழ்வுகளின்போது மட்டுமே சிலவற்றின் கதவுகள் திறக்கின்றன. ஒழுகும் கூரையைச் சீரமைக்கவே பெருஞ்செலவு ஆகின்றது. பங்காளிகள் பலர் இருப்பதால் பழுதுபார்க்கும் முடிவை எடுப்பதும் எளிதன்று.

அம்மாளிகைகள் தமிழர் கட்டடக் கலைக்குச் சான்றாக நிற்கின்றன என்பதில் ஐயமில்லை. எனினும், எத்துணைப் பெரிய வீடாக இருந்தாலும், அதில் விளக்கேற்ற ஆளில்லாவிடில் அது கட்டடம் மட்டுமே என்பதையும் அவை உணர்த்துகின்றன.

அடுக்குமாடியில் ஐந்தடி

1960-களில் ஜார்ஜ்டவுனில் வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. இதனைக் குறைப்பதற்காக ஆயர் ஈத்தாம் பகுதியில் ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டப்பட்டது. துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல் இருந்த இடமாதலால் அது அப்பெயரைப் பெற்றது. 17 மாடிகள் கொண்ட 6 கட்டடங்களும் 18 மாடிகள் கொண்ட 3 கட்டடங்களுமாக மொத்தம் 3,699 வீடுகள் அங்கு எழுந்தன. தொழிற்சாலையில் முன்கூட்டியே வார்த்த கற்காரைப் பலகைகளைக் கொண்டு கட்டடம் எழுப்பும் முறை அப்போது நம் நாட்டிற்குப் புதிது. அங்குள்ள வீடுகள் மிகச் சிறியவை. ஆயினும், அவற்றில் குழாய்நீரும் மின்சாரமும் கழிவறையும் இருந்தன. நெரிசலான வாடகை அறைகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அவை பெரும் பேறாக அமைந்தன.

அடுக்குமாடியிலும் ஐந்தடியின் பண்பு தொடர்ந்தது. வீடுகளுக்கு முன்னே செல்லும் பொது நடைவழி அக்கம்பக்கத்தாரை இணைத்தது. தீபாவளிக்கு முறுக்குத் தட்டும் நோன்புப் பெருநாளுக்குக் கெத்துப்பாட்டும் சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழமும் கதவுக்குக் கதவு மாறிச் செல்லும் வழக்கம் இத்தகைய குடியிருப்புகளில் இயல்பானது. வேலைக்குச் சென்ற தாய் வரத் தாமதமானால், பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். உயர்ந்த மதிலும் தானியங்கிக் கதவும் கொண்ட பெரிய வீட்டில் இவ்வுதவி எளிதில் கிடைப்பதில்லை.

சிறிய வீட்டின் நன்மைகள்

இவ்வரலாற்றிலிருந்து சிறிய வீட்டின் நன்மைகளைத் தொகுத்துக் காணலாம்.

முதலாவது, கடன்சுமை குறைகிறது. எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பம் பெரிய வீட்டை விரும்பி 200,000 ரிங்கிட் கூடுதலாகக் கடன் வாங்குகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு 4 விழுக்காட்டு வட்டியில் 30 ஆண்டுகளுக்குத் திருப்பிச் செலுத்தினால், மாதந்தோறும் ஏறத்தாழ 955 ரிங்கிட் கூடுதலாகக் கட்ட வேண்டும். முடிவில் அக்குடும்பம் செலுத்தியிருக்கும் தொகை ஏறத்தாழ 344,000 ரிங்கிட். கூடுதல் அறைகளுக்காக வட்டி மட்டுமே 144,000 ரிங்கிட் ஆகிறது. அப்பணம் பிள்ளைகளின் உயர்கல்விக்கோ மருத்துவச் செலவுக்கோ பயன்பட்டிருக்கலாம். வரவுக்கேற்ற வீடு அமைந்தால், மாதக் கடைசியில் மனத்துக்கும் ஓய்வு கிடைக்கும்.

இரண்டாவது, ஆற்றல் சேமிக்கப்படுகிறது. சிறிய படுக்கையறைக்கு 1 குதிரைத்திறன் கொண்ட குளிரூட்டி போதும். பெரிய கூடத்திற்கு 2 குதிரைத்திறன் அல்லது அதற்கும் மேல் தேவைப்படும். தனி வீட்டின் நான்கு பக்கச் சுவர்களும் கூரையும் வெயிலை ஏற்கின்றன. அடுக்குமாடியின் நடுத்தளத்தில் உள்ள வீட்டிற்கோ மேலும் கீழும் பக்கங்களிலும் வேறு வீடுகள் இருக்கின்றன. ஆதலால், உள்ளே புகும் வெப்பம் குறைகிறது. மின்கட்டணம் குறைவதோடு, மின்னுற்பத்தியால் வெளியேறும் கரிமவாயுவின் அளவும் குறைகிறது.

மூன்றாவது, நேரம் மிச்சமாகிறது. சிறிய வீட்டைப் பெருக்கித் துடைக்க அதிக நேரம் வேண்டியதில்லை. பயண நேரமும் கவனிக்கத்தக்கது. தீவில் வாங்கும் சிறிய வீட்டின் விலைக்குப் பெருநிலத்தில் பெரிய வீடு கிடைக்கக்கூடும். ஆனால், பாயான் லெப்பாசில் பணிபுரிபவர் செபராங் பிறையில் குடியேறினால், நாள்தோறும் பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1985-இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் காலையும் மாலையும் வாகனங்கள் ஊர்ந்து செல்வதை அனைவரும் அறிவர். போவதற்கு 45 நிமிடமும் வருவதற்கு 45 நிமிடமும் கூடுதலாகச் செலவானால், மாதத்தில் 22 வேலைநாள்களுக்கு 33 மணி நேரம் சாலையிலேயே கழியும். பெரிய கூடத்தை வாங்கியவருக்கு அதில் அமர நேரமில்லாமல் போகும்.

நான்காவது, தேவையற்ற பொருள்கள் குவிவதில்லை. இடம் இருந்தால் பொருள் சேரும். பொருள் சேர்ந்தால் மேலும் இடம் வேண்டும். சிறிய வீட்டில் ஒரு நாற்காலியை வாங்குவதற்கு முன்னரே, அதனை எங்கே வைப்பது என்று எண்ண வேண்டியிருக்கிறது. இவ்வெண்ணமே சிக்கனத்திற்கு வழிகாட்டுகிறது.

ஐந்தாவது, குடும்பத்தினரிடையே நெருக்கம் வளர்கிறது. ஆளுக்கோர் அறையும் அறைக்கொரு திரையும் உள்ள வீட்டில், ஒரே கூரையின்கீழ் வாழ்பவர்கள்கூடப் பேசிக்கொள்ளாமல் இருந்துவிடலாம். சிறிய வீட்டில் தம்பியின் தேர்வுக் கவலை அக்காளுக்குத் தெரியும். பாட்டியின் இருமல் அனைவர் காதிலும் விழும். விட்டுக்கொடுத்தலும் பகிர்தலும் தாமாகவே பழக்கமாகின்றன.

சிறுமை வேறு, நெருக்கடி வேறு

இந்நன்மைகளைக் கூறுவதால், எத்துணைச் சிறிய இடமும் போதும் என்று முடிவுசெய்தல் தவறாகும். ஜார்ஜ்டவுனின் வரலாறே இதற்கு எச்சரிக்கை. ஒரு காலத்தில் கடைவீடுகளின் மேல்மாடிகள் பலகைகளால் தடுக்கப்பட்டு, சாளரமில்லாத சிறுசிறு அறைகளாக வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறையில் ஒரு குடும்பமே வாழ்ந்தது. காற்றோட்டமற்ற இத்தகைய நெரிசலில் காசநோய் போன்ற நோய்கள் எளிதில் பரவும். உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டியிலும் வீட்டு நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று வலியுறுத்தியுள்ளது. ஓர் அறையை மூவருக்கு மேல் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்பது ஐக்கிய நாடுகள் சபையின் வாழ்விட அமைப்பு பின்பற்றும் அளவுகோலாகும்.

நம் நாட்டிலும் இவ்வுணர்வு வளர்ந்துள்ளது. மக்கள் வீடமைப்புத் திட்டத்தின்கீழ் கட்டப்பட்ட வீடு பெரும்பாலும் 700 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 65 சதுர மீட்டர் பரப்புடையதாக இருந்தது. அதில் மூன்று படுக்கையறைகளும் இரண்டு குளியலறைகளும் உள்ளன. அது பெரிய வீடன்று. ஆயினும், பெற்றோருக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் தனித்தனி அறை இருக்கிறது. படிக்கும் பிள்ளைக்கு ஒரு மூலையும், நோயுற்றவருக்கு ஓர் அமைதியான இடமும் இல்லாத வீட்டைப் போதுமான வீடு என்று கூற இயலாது. ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்ற மற்றொரு பழமொழியும் இதனை நினைவூட்டுகிறது. வளை சிறிதாக இருக்கலாம். அது தனக்கென்று உரியதாக இருத்தல் வேண்டும்.

வீடு அமைந்துள்ள இடமும் முக்கியமானது. 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் 1948-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகை குறைவாகவே இருந்தது. எளிய குடும்பங்கள் ஜார்ஜ்டவுனின் நடுவிலேயே வாழ முடிந்தது. மறுபுறம், கிடைத்த சிறு வாடகையில் கட்டடத்தைப் பழுதுபார்க்க இயலாமல் உரிமையாளர்கள் தடுமாறினர். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று அக்கட்டுப்பாடு முடிவுற்றது. வாடகை உயர்ந்தது, குடும்பங்கள் பல நகரைவிட்டு வெளியேறின. 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தளமாக அறிவிக்கப்பட்டன. கட்டடங்கள் காக்கப்பட்டன. ஆனால், குடும்பங்கள் வாழ்ந்த கடைவீடுகள் பல தங்கும் விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் மாறின.

வெளியேறிய குடும்பங்களுள் சில, முன்பைவிட வசதியான வீட்டையே பெற்றிருக்கலாம். ஆயினும், நடந்து செல்லும் தொலைவில் இருந்த வேலையும் கோயிலும் சந்தையும் பழகிய முகங்களும் அவ்வீட்டோடு வருவதில்லை. சிறிய வீட்டின் நன்மைகளுள் பாதி அதன் சுவர்களுக்கு வெளியேதான் இருக்கிறது. ஆகவே, சிறிய வீடுகளைக் கட்டுவோர் அவற்றின் அருகிலேயே பள்ளி, நூலகம், விளையாட்டுத் திடல், பேருந்து நிறுத்தம், மருந்தகம் ஆகியவற்றையும் அமைத்தல் இன்றியமையாதது. பழுதடையாத மின்தூக்கியும் தூய்மையான நடைவழியும் அடுக்குமாடி மக்களின் உரிமையாகும்; அவற்றைப் பேணுவது அவர்களது கடமையாகும்.

போதும் என்னும் அளவு

“நம் வீடு ஏன் இவ்வளவு சிறியது?” என்று கேட்கும் பிள்ளைக்கு ஜார்ஜ்டவுனின் தெருக்கள் சில கேள்விகளையே விடையாகத் தருகின்றன. அவ்வீட்டில் காற்றும் வெளிச்சமும் வருகின்றனவா? படிக்க ஓர் இடம் இருக்கிறதா? அவசரத்திற்குக் கதவைத் தட்டினால் திறக்க அண்டை வீட்டார் இருக்கின்றனரா? கடன் கட்டியபின் மாதச் செலவுக்கு மீதம் இருக்கிறதா? மாலையில் அனைவரும் சேர்ந்து உண்ண நேரம் இருக்கிறதா? இவற்றிற்கு ‘ஆம்’ என்று விடை கூற முடிந்தால், சதுர அடியைக் கண்டு நாணத் தேவையில்லை. ‘இல்லை’ என்றால், குறை எதுவென்று கண்டறிந்து களைய வேண்டும். அதனை மேலும் ஓர் அறை தீர்த்துவிடும் என்று எண்ணிக் கடனில் மூழ்குவது தீர்வாகாது.

முன்னோர் ‘சிறுகக் கட்டு’ என்று மட்டும் கூறி நிறுத்தவில்லை. ‘பெருக வாழ்’ என்றும் சேர்த்தே கூறினர். முதற்பகுதி கொத்தனாரின் வேலை. அடுத்த பகுதி அவ்வீட்டில் வாழ்வோரின் வேலை.

அருஞ்சொற்பொருள்

கிட்டங்கி – நகரத்தார் தங்கித் தொழில் செய்த பொதுக்கூடம்
ஐந்தடி – கடைவீட்டின் முன்னுள்ள மூடிய நடைபாதை
கற்காரை – சிமெண்டும் மணலும் கல்லும் கலந்த கலவை
பங்காளிகள் – ஒரு சொத்தில் பங்குரிமை உடைய உறவினர்
நெருக்கடி – இடத்திற்கு மிஞ்சிய கூட்டத்தால் ஏற்படும் இடர்ப்பாடு

சிந்தித்து விடையளித்திடுக

1. கடைவீட்டின் உட்பகுதி குளிர்ச்சியாக இருந்ததற்கான காரணங்கள் இரண்டனைக் குறிப்பிடுக.
2. கிட்டங்கி வாழ்க்கைக்கும் செட்டிநாட்டு மாளிகைக்கும் உள்ள முரணை விளக்குக.
3. ‘சிறிய வீட்டின் நன்மைகளுள் பாதி அதன் சுவர்களுக்கு வெளியேதான் இருக்கிறது.’ இக்கூற்றை நீ ஏற்கிறாயா? காரணங்களுடன் எழுதுக.
4. உன் குடியிருப்பில் அண்டை வீட்டாரோடு நல்லுறவை வளர்க்க நீ மேற்கொள்ளக்கூடிய நடவடிக்கைகள் மூன்றனைக் கூறுக.